தமிழ்த் திரைக்கு ஒளி தந்தவர்கள்: ஹாலிவுட் கேமராவும் நம் ஒளிப்பதிவாளர்களும்

தமிழ்த் திரைப்பட வரலாற்றை நடிகர்களின் பெயராலும் பாட்டுகளின் பெயராலுமே எழுதிவைத்திருக்கிறோம். அடுத்து வசனகர்த்தாவும் இயக்குநரும் முதலாளியும் வருகிறார்கள். ஒளிப்பதிவாளரின் பெயர் டைட்டிலில் ஓடி மறைவதோடு சரி. செஞ்சிப் பக்கம், அவலூர்பேட்டையில், டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறையினர் ‘மந்திரி குமாரி’யின் வசனத்தை இன்றும் ஒப்பிப்பார்கள், ‘மீரா’வின் பாட்டை முணுமுணுப்பார்கள். அவற்றைக் கேமராவில் பிடித்தது ஜே. ஜி. விஜயமும் ஜிதேன் பானர்ஜியும் என்பது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. குறை ரசிகர்களுடையதன்று. சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை.

ஒளிப்பதிவைப் பற்றி எழுதியவர்களிடம் இரண்டு முடிவுகள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் வந்த பிறகே தமிழ்ப்படத்துக்குக் கேமரா மொழி கிடைத்தது என்பது ஒன்று. ஐம்பதுகள் வரையிலான தமிழ்ப்படம் நாடகத்தைப் படம் பிடித்ததுதான், அதில் ஒளிப்பதிவு என்று பேச ஒன்றுமில்லை என்பது மற்றொன்று. இரண்டுமே முழு உண்மையாகா என்பது என் கருத்து. ஹாலிவுட்டில் ஓர் ஒளிப்பதிவாளர் எப்படி உருவானார், இங்கே எப்படி உருவானார் என்று அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் நாம் வாங்கியது எது, நாமே உண்டாக்கியது எது என்பது விளங்கும்.

அங்கே கேமராமேன் உருவான விதம்

ஹாலிவுட்டின் முதல் தலைமுறைக் கேமராமேன்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. டி. டபிள்யூ. கிரிஃபித்தின் படங்களை எடுத்த பில்லி பிட்சர், பயோகிராஃப் நிறுவனத்தில் இயந்திரத்தோடு இயந்திரமாக இருந்து தொழில் கற்றவர். சீனாவில் பிறந்து அமெரிக்கா சென்ற ஜேம்ஸ் வோங் ஹவ் 1917 வாக்கில் ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தார். நீலக் கண்கள் அன்றைய படச்சுருளில் வெளிறிப் போகும். மேரி மைல்ஸ் மின்டர் என்ற நடிகையின் கண்கள் கருமையாகப் பதிய, கேமராவைச் சுற்றிக் கறுப்பு வெல்வெட் துணி கட்டி, அந்தக் கருமை கண்ணில் பிரதிபலிக்கும்படி செய்தார் ஹவ். அந்த ஒரு யுக்தி அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

நம் கதைக்கு நேரடியாகத் தொடர்புள்ளவர் கிளைட் டி வின்னா. 1890இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். 1910களின் நடுவில் தாமஸ் இன்ஸின் படக்கூடத்தில் தொழிலைத் தொடங்கினார். ஸ்டூடியோவை விட்டுத் தொலைதூரம் போய்ப் படமெடுப்பதில் பேர்போனவரானார். தாஹித்தித் தீவில் எடுத்த ‘ஒயிட் ஷேடோஸ் இன் தி சவுத் சீஸ்’ (1928) அவருக்கு ஆஸ்கர் விருது வாங்கித் தந்தது. ‘டிரேடர் ஹார்ன்’ படத்துக்காக ஆப்பிரிக்கா போனார். ‘எஸ்கிமோ’வுக்காக அலாஸ்கா போனார். ‘டார்சான் தி ஏப் மேன்’ (1932) படத்திலும் அவர் கேமரா உண்டு. வெப்பத்தில் படச்சுருள் கெடாமல் காப்பது, நீர்ப்பரப்பின் பளபளப்பை அடக்குவது, மின்சாரமில்லாத இடத்தில் வெயிலை வளைத்துப் பயன்படுத்துவது ஆகியவை அவர் தொழிலின் உயிர்நாடி. இவற்றை அவருக்குப் பாடமாக யாரும் நடத்தவில்லை.

1919இல் அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கம் உருவாயிற்று. அடுத்த ஆண்டே அதன் பத்திரிகையும் வந்தது. ஒருவர் கண்டுபிடித்த உத்தி அச்சாகி அடுத்தவர் கைக்குப் போயிற்று. பெயர் நின்றது, விருது வந்தது, பேட்டி வெளியாயிற்று. ஹாலிவுட்டுக்கும் நமக்கும் இருந்த பெரிய வேறுபாடு திறமையில் இல்லை, இந்தப் பதிவில்தான் இருந்தது.

வெயிலே விளக்கு

தமிழகத்தின் முதல் கதைப்பட ஒளிப்பதிவாளர் ஆர். நடராஜ முதலியார். வேலூரில் பிறந்தவர், சென்னையில் மோட்டார் கார் வியாபாரம் செய்தவர். கர்சன் பிரபுவைப் பற்றிய செய்திப்படம் எடுக்க வந்திருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் பூனாவில் கேமரா பழகினார். தஞ்சாவூர்ப் பக்கத்து மூப்பனார் ஒருவரிடமிருந்து பழைய வில்லியம்சன் கேமராவை வாங்கினார். புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் கூடம் அமைத்து ‘கீசக வதம்’ எடுத்தார். அது வெளியான ஆண்டை ஆய்வாளர்கள் 1916 முதல் 1918 வரை வெவ்வேறாகக் குறிக்கிறார்கள். படத்தின் நீளம் சுமார் 6,000 அடி. இயக்குநரும் அவர்தான், கேமராமேனும் அவர்தான், முதலாளியும் அவர்தான்.

அந்தக் கூடத்தில் மின்விளக்கு இல்லை. மேலே வெள்ளைத் துணி கட்டி, அதன் வழியே இறங்கும் வெயிலில் நடிகர்களை நிறுத்தினார். துணியில்லாமல் சென்னை வெயிலில் எடுத்தால் புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும். துணி அந்த வெயிலைப் பரப்பி மென்மையாக்கியது. சென்னை வெப்பத்தில் சுருளைக் கழுவுவது கடினம் என்பதால், குளிர்ச்சியான பெங்களூரில் லேப் அமைத்தார். எடுத்த காட்சி சரியாக வந்ததா என்பதை லேபிலிருந்து சேதி வரும்வரை அறிய முடியாது. கேமராவைக் கையால் சுழற்றவேண்டும். சுழற்சியின் சீர் குலைந்தால் திரையில் நடை துள்ளும்.

அன்றைய ஆர்த்தோகுரோமாட்டிக் சுருளின் இயல்பையும் சொல்லவேண்டும். அது நீலத்தை நன்கு வாங்கும். சிவப்பை அறவே வாங்காது. செஞ்சி ராஜகிரிக் கோட்டையை நண்பகலில் அந்தச் சுருளில் எடுத்தால், நீலவானம் வெறும் வெள்ளையாகிவிடும், மேகம் தெரியாது, செம்மண் சரிவு கரிய திட்டாகும். நடிகரின் உதட்டுச் சிவப்பு மைபோலக் கறுக்கும். நம்மவரின் மாநிறம் இருப்பதைவிடக் கருத்துப் பதியும். அக்காலத்து அரிதாரப் பூச்சுக்குப் படச்சுருளின் கட்டாயமும் ஒரு காரணம். எல்லா நிறத்தையும் ஓரளவு சரியாக வாங்கும் பான்குரோமாட்டிக் சுருள் இருபதுகளின் பிற்பகுதியில் பரவிய பிறகே, மஞ்சள் ஃபில்டர் மாட்டி மேகத்தை வரவழைப்பதும் மாநிறத்தை மாநிறமாகக் காட்டுவதும் எளிதாயின.

1923இல் நடராஜ முதலியாரின் கூடம் தீப்பிடித்து அழிந்தது, மகனையும் பறிகொடுத்தார். அதோடு தொழிலை விட்டார். அவர் எடுத்த படங்களில் ஒரு சுருள்கூட இன்று இல்லை. தமிழ் ஒளிப்பதிவின் முதல் ஏட்டை நாம் செவிவழியாகவும் காகிதவழியாகவும் மட்டுமே படிக்கிறோம்.

பேச்சு வந்தது, கேமரா நின்றது

1931இல் ‘காளிதாஸ்’ பம்பாயில், அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கூடத்தில் உருவாயிற்று. அடுத்த மூன்றாண்டுகளில் தமிழ்ப் பேசும்படங்கள் பம்பாய், கல்கத்தா, கோலாப்பூர் என்று வெளியூர்க் கூடங்களிலேயே எடுக்கப்பட்டன. தமிழ் அறியாத கேமராமேன் பாட்டு எங்கே முடியும், வசனம் எங்கே திரும்பும் என்பதை ஊகித்தே எடுக்கவேண்டியிருந்தது. 1934இல் ஏ. நாராயணன் சென்னையில் சீனிவாசா சினிடோன் என்ற ஒலிக்கூடத்தை நிறுவினார். அங்கே ஒலிப்பதிவு செய்தவர் அவர் மனைவி மீனாட்சி. ஊரிலேயே படமெடுக்கும் நிலை அதன் பிறகே வந்தது.

பழைய படங்களில் கேமரா ஏன் அசையவில்லை என்று கேட்பவர்கள் மைக்கை நினைக்கவேண்டும். அன்று பாட்டும் வசனமும் நடிக்கும்போதே பதிவாயின. கேமராவின் இரைச்சல் மைக்கில் விழக்கூடாது. வாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணுக்குத் தப்பி, செட்டின் ஓரத்திலோ புதர் மறைவிலோ இருந்து வாசித்தார்கள். எம். கே. தியாகராஜ பாகவதர் பாடும்போது ஷாட்டை வெட்டினால் ராகம் அறும். கேமராவை நகர்த்தினால் மிருதங்கக்காரர் தெரிவார். ஹாலிவுட்டும் 1928 தொடங்கிச் சில ஆண்டுகள் இதே விலங்கைப் பூண்டிருந்தது. அங்கே படத்துக்கு நாலைந்து பாட்டு; இங்கே நாற்பது, ஐம்பது. அதனால் விலங்கின் எடை நமக்குக் கூடுதல்.

ஏவி. மெய்யப்பச் செட்டியார் ‘நந்தகுமார்’ (1938) படத்தில் பின்னணிப் பாடல் முறையைக் கையாண்டார். அது பரவியதும் கேமராவுக்கு விடுதலை கிடைத்தது. பாட்டை முன்கூட்டிப் பதிந்துகொண்டு, ஒரு வரியை ஆற்றங்கரையிலும் அடுத்த வரியை மாடத்திலும் எடுக்கலாம் என்றாயிற்று. தமிழ் ஒளிப்பதிவின் பெரிய திருப்பம் எது என்று என்னைக் கேட்டால், எந்த வெளிநாட்டவரின் வருகையையும்விட இதையே முதலில் சொல்வேன்.

டங்கன் கொண்டுவந்தது

டங்கனின் பங்கு சிறிதன்று. 1909இல் ஒஹாயோவில் பிறந்து, தென்கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை படித்தவர். உடன்படித்த மாணிக்லால் டாண்டன் அழைக்க, இன்னொரு தோழர் மைக்கேல் ஒர்மலோவுடன் 1935இல் இந்தியா வந்தார். ஆறு மாதம் இருக்க வந்தவர் ஏறத்தாழ 15 ஆண்டுகள் தங்கினார். ‘சதி லீலாவதி’ (1936), ‘அம்பிகாபதி’ (1937), ‘சகுந்தலை’ (1940), ‘மீரா’ (1945), ‘பொன்முடி’ (1950) என்று அவர் இயக்கிய படங்கள் வரிசையாக வந்தன. எம். ஜி. ஆர். முதலில் திரையில் தோன்றியது ‘சதி லீலாவதி’யில்தான். தமிழ் தெரியாமலே, வசனத்துக்கு உதவியாளர்களை வைத்துக்கொண்டு இவ்வளவையும் செய்தார்.

நாடக மேடைக்கு எதிரே ரசிகர் உட்காரும் இடத்திலேயே கேமராவை வைக்கும் வழக்கத்தை அவர் உடைத்தார். டிராலியில் கேமராவை ஓட்டினார். முகத்தின் அருகே கொண்டுபோனார். பேசுபவரைவிடக் கேட்பவரின் முகமும் முக்கியம் என்று காட்டினார். ‘மீரா’வுக்கு முன்பு எம். எஸ். சுப்புலட்சுமியின் தலையைச் சாந்தில் வார்த்து, அந்த உருவத்தின்மேல் வெவ்வேறு கோணங்களில் விளக்கடித்து ஜிதேன் பானர்ஜியுடன் சேர்ந்து சோதித்துப் பார்த்தார். படப்பிடிப்பு தொடங்கும் முன்பே முகத்துக்குரிய ஒளி முடிவாகிவிட்டது. இன்று அந்தப் படத்தைப் பார்ப்பவர், எம். எஸ். பாடும்போது நெற்றியிலிருந்து கன்னத்துக்கு ஒளி இறங்கும் விதத்தைக் கவனிக்கவேண்டும்.

ஒளியைத் திட்டமிட்ட சிந்தனையில் இயக்குநருக்குப் பங்குண்டு. அதைப் படத்தின் கடைசிச் சுருள்வரை நிறைவேற்றியவர் கேமராமேன். ‘மீரா’ என்றதும் டங்கன் பெயர் வருகிறது, பானர்ஜி பெயர் வருவதில்லை. நம் வரலாற்றெழுத்தின் குறைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

மற்ற வாசல்கள்

ஹாலிவுட் ஒரு வாசல்தான். ஜெர்மன் வாசலும் திறந்திருந்தது. பம்பாய் டாக்கீஸில் ஜோசஃப் விர்ஷிங் ‘அச்சுத் கன்யா’ (1936) போன்ற படங்களில் நிழலையும் ஒளியையும் கூர்மையாகப் பிரித்துக் காட்டினார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி. ஆர். சுந்தரமும் ஜெர்மானியரைக் கேமராவுக்கு அமர்த்தினார். முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ (1938) அங்கே உருவானது. ஒளிப்பதிவு பாடோ குஷ்வாக்கர். கல்கத்தா வழியாக ஜிதேன் பானர்ஜி, கமல் கோஷ், பின்னர் நிமாய் கோஷ் வந்தார்கள். ஜெமினியின் ‘சந்திரலேகா’ (1948) கமல் கோஷின் கேமராவில் வந்த பிரம்மாண்டம். ‘சின்னமூல்’ என்ற வங்கப் படத்தை எடுத்துவிட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்த நிமாய் கோஷ், தொழில்நுட்பக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டுவதில் முன்நின்றார். ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்தை இயக்கினார்.

யாரிடமும் போகாமல் தானே கற்றவர் கே. ராம்நாத். 1912இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். ‘சவுண்ட் அண்ட் ஷேடோ’ என்ற திரைப்படப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர், வேல் பிக்சர்ஸுக்கும் பிறகு ஜெமினிக்கும் வந்து கேமரா பிடித்தார். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்தும், புத்தகங்களைப் படித்தும், சோதனை செய்துமே தேறினார். நடனக் கலைஞர் உதயசங்கரின் ‘கல்பனா’ (1948) ஜெமினியில் எடுக்கப்பட்டது, ஒளிப்பதிவு ராம்நாத். நடன உடல்களின் நிழலைச் சுவரில் வளர்த்தும் சுருக்கியும் காட்டிய அந்தப் படத்தை மார்ட்டின் ஸ்கார்செசியின் அறக்கட்டளை மீட்டெடுத்தது. 2012இல் கான் விழாவில் திரையிட்டார்கள். ராம்நாத் பின்னாளில் ‘ஏழை படும் பாடு’, ‘மர்மயோகி’ ஆகியவற்றை இயக்கி, 1956இல் காலமானார். ஹாலிவுட் மண்ணை மிதிக்காத ஒருவர் உலகத் தரத்தை எட்டினார் என்பதற்கு ‘கல்பனா’ கண்கண்ட சாட்சி.

செய்திப்படம் எடுத்துப் பழகி வந்தவர் மார்கஸ் பார்ட்லி. விஜயா–வாகினியின் ‘பாதாள பைரவி’, ‘மிஸ்ஸியம்மா’, ‘மாயா பஜார்’ (1957) படங்களில் அவர் காட்டிய நிலவொளி இன்றும் பேசப்படுகிறது. நிலவைப் படமெடுக்கும் வேகம் அன்றைய சுருளுக்குக் கிடையாது. விளக்குகளை அடக்கி, பின்னொளியால் தலைமுடியின் விளிம்பையும் நீரின் மினுக்கத்தையும் மட்டும் எழுப்பி, பார்ப்பவரை நிலவு என்று நம்பவைத்தார். ‘பராசக்தி’யையும் பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ (1954) படத்தையும் எடுத்தவர் மாருதிராவ். பாதி முகத்தை இருட்டில் விட்டுச் சந்தேகத்தை வளர்த்தார். ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) படத்தில் தமிழுக்கு முழு வண்ணம் கொண்டுவந்தது டபிள்யூ. ஆர். சுப்பாராவின் கேமரா. ஜெமினியில் கமல் கோஷிடம் பயின்ற ஏ. வின்சென்ட் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) படத்தில், ஒரே மருத்துவமனை செட்டுக்குள் கோணத்தால் மட்டுமே புதுமை காட்டினார். ஹாலிவுட்டின் முதல் தலைமுறை கற்றதும் இப்படி ஒரு கூடத்தில், ஒருவர் கையைப் பார்த்துத்தான்.

சேலத்துக்கு வந்த ஆஸ்கர் கேமராமேன்

ஹாலிவுட், தமிழ் ஆகிய இரண்டு ஓடைகளும் ஓரிடத்தில் நேருக்கு நேர் சந்தித்தன. மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனமும் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ (1952) எடுத்தன. தமிழில் அது ‘காடு’ என்று வந்தது. இயக்கம் வில்லியம் பெர்க். டங்கனும் தயாரிப்பில் பங்கேற்றார். ஒளிப்பதிவுக்கு வந்தவர் கிளைட் டி வின்னா. தாஹித்தியையும் ஆப்பிரிக்காவையும் அலாஸ்காவையும் படமாக்கிய கண், தன் கடைசிக் காலத்தில் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. மறு ஆண்டு, 1953இல் அவர் இறந்தார்.

படம் பெரிய கலைப்படைப்பாக அமையவில்லை. யானைகளுக்குச் செயற்கை முடி போர்த்தி, பழங்கால யானைகளாக்கிய சாகசக் கதை அது. ஆனாலும் அந்தச் சந்திப்பு ஓர் உண்மையை நிறுவுகிறது. 1952இல் ஹாலிவுட் கேமராமேனுக்கு வேலை செய்ய ஏற்ற கூடமும் லேபும் கைதேர்ந்த உதவியாளர்களும் சேலத்தில் ஆயத்தமாக இருந்தன. அதே ஆண்டில் சென்னையில் மாருதிராவ் ‘பராசக்தி’ எடுத்துக்கொண்டிருந்தார். கற்றுக்கொடுக்க வருபவரை எதிர்பார்த்து நின்ற காலம் முடிந்துவிட்டிருந்தது.

கொட்டகைத் திரையில்

இந்த உழைப்பு சிற்றூர் ரசிகரிடம் எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். சென்னையிலும் மதுரையிலும் ஓடித் தேய்ந்த பிரதியே அவலூர்பேட்டை போன்ற ஊர்க் கொட்டகைகளுக்கு வரும். கார்பன் எரித்து ஓட்டும் ஒற்றை புரொஜக்டர், ரீல் மாற்ற இடைவெளி, கீற்றிடுக்கில் புகும் வெளிச்சம். இவற்றுக்கு நடுவே மெல்லிய சாம்பல் நிற வேறுபாடுகள் கரைந்துபோகும். அழுத்தமான கறுப்பும் உறுதியான வெள்ளையும் மட்டுமே எஞ்சும். தமிழ்க் கேமராமேன்கள் முகத்தைப் பளிச்சென்று காட்டியதற்கும், பின்னணியிலிருந்து ஆளைப் பின்னொளியால் பிரித்ததற்கும் நட்சத்திர மோகம் ஒரு காரணம். இந்தக் கொட்டகையும் ஒரு காரணம் என்று கொள்வதே பொருத்தம். கடைசி ஊரின் கடைசி வரிசைக்கும் முகம் தெரியவேண்டும் என்ற பொறுப்பு அவர்கள் ஒளியில் இருந்தது.

தீர்ப்பும் கடமையும்

ஆக, ஹாலிவுட்டிடமிருந்து நாம் கருவிகளையும், கேமராவை நகர்த்தும் துணிவையும், முகத்துக்கு ஒளியைத் திட்டமிடும் ஒழுங்கையும் பெற்றோம். ஜெர்மானியரும் வங்காளிகளும் தங்கள் பங்கைத் தந்தார்கள். வெயில், வெப்பம், பாட்டு, கொட்டகை ஆகிய நம் நிலைமைகளுக்கு விடை கண்டது இங்கே தொழில் கற்ற கைகள். நடராஜ முதலியார் வேறு வழியின்றிப் பயன்படுத்திய இயற்கை ஒளியை, மட்டக்களப்பில் பிறந்து பூனாவில் படித்த பாலு மகேந்திரா ‘மூன்றாம் பிறை’ (1982) காலத்தில் தம் விருப்பத்தால் தேர்ந்தார். வெள்ளைத் துணிக்கூரைக்கும் அந்தப் படத்துக்கும் நடுவே உள்ள அறுபத்தைந்து ஆண்டுப் பயிற்சி நம்முடையது.

அந்தப் பயிற்சியின் சான்றுகள் வேகமாக அழிகின்றன. 1950 வாக்கு வரை பயன்பட்ட நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். ஈரத்திலும் வெப்பத்திலும் பொடியாகும். ஓட்டம் முடிந்த பிரதிகளை வெள்ளிக்காக உருக்கியவர்களும் உண்டு. தென்னிந்திய மௌனப் படங்களில் ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) நமக்கு மிஞ்சியது, நாவலின் உரிமை வழக்கில் பிரதி கைப்பற்றப்பட்டு வைக்கப்பட்டதால். பிலிம் நியூஸ் ஆனந்தன், ராண்டார் கை, தியடோர் பாஸ்கரன் போன்றோர் தனிமனிதர்களாகத் திரட்டியவைதான் நம் கையிருப்பு.

தரமணியில் 1945 முதலான மரபுள்ள அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. ஒளிப்பதிவாளர் சங்கம் இருக்கிறது. பூனாவில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. இவை மூன்றும் சேர்ந்து, 1916 முதல் 1970 வரையிலான தமிழ் ஒளிப்பதிவாளர்களின் முழுப் பட்டியலை உருவாக்கவேண்டும். ஒவ்வொருவரும் எடுத்த படம், பயன்படுத்திய கேமரா, பயின்ற கூடம், நெகட்டிவ் இருக்கும் இடம் ஆகியவை அதில் இடம்பெறவேண்டும். பழைய ஸ்டூடியோ குடும்பங்கள் பரணில் உள்ள புகைப்படங்களையும் கணக்கேடுகளையும் எடைக்குப் போடாமல் தரவேண்டும். பழைய படத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்புவோர் டைட்டிலை வெட்டாமல் ஓட்டவேண்டும். வாசகர்களும் ஒன்று செய்யலாம்: அடுத்தமுறை ‘மீரா’வோ ‘அந்த நாளோ’ பார்க்கும்போது, ஒளிப்பதிவு என்ற எழுத்துக்குக் கீழே வரும் பெயரைப் படித்து, அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.